ஆலை இங்கே, வீடு எங்கே?

விடியற்காலை நாலரை மணி. காஞ்சிக் கோபுரங்களின் மீது இன்னும் வெளிச்சம் விழவில்லை. பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையில் ஓர் இளம்பெண் நிற்கிறாள். கையிலே சோற்று டப்பா. கழுத்திலே அடையாள அட்டை. கண்ணிலே பாதித் தூக்கம். கம்பெனி பஸ் வரவேண்டும். அவளுக்குப் பின்னால், அவள் பிறந்த வீட்டில் விளக்கு எரிகிறது. தகப்பனார் எழுந்து முகம் கழுவிவிட்டுக் குழித்தறியிலே காலை இறக்குகிறார். அவருக்குப் பஸ் இல்லை, டிக்கட் இல்லை, நெரிசல் இல்லை. பாயிலிருந்து தறிக்குப் பத்து எட்டு!

தகப்பனுக்குப் பத்து எட்டு. மகளுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல்! காஞ்சி மாவட்டத்தின் கதையை இந்த இரண்டு கணக்கிலே சொல்லிவிடலாம்.

மகள் ஆலைக்குப் போவது தவறு என்று நாம் கூறவில்லை. மழை பெய்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். சரிகை விலை ஏறினால் தறி நிற்கும். தகப்பனார் பட்ட பாட்டை அவள் பார்த்து வளர்ந்தவள். மாதம் பிறந்தால் சம்பளம், சேமநிதி, ஈ.எஸ்.ஐ. என்பதெல்லாம் அந்த வீட்டுக்குப் புதிது, அது முன்னேற்றந்தான். திருப்பெரும்புதூரும், இருங்காட்டுக்கோட்டையும், ஒரகடமும், வல்லம் வடகாலும் ஏரும் ஏரியுமாக இருந்த ஊர்கள். கலைஞர் ஆட்சியில் 1971ஆம் ஆண்டு அமைந்த சிப்காட் நிறுவனம் பின்னாளில் அங்கே தொழிற்பேட்டைகளை அமைத்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார் உருண்டு வந்தது. இன்று உலகின் கைப்பேசிகள் அங்கே உருவாகின்றன. பெருமைதான்! ஆனால் அந்தப் பெருமைக்கு அருகிலே ஒரு கேள்வி கைகட்டி நிற்கிறது: ஆலை இங்கே, அதிலே உழைப்பவருக்கு வீடு எங்கே?

களவு போகும் காலம்

ஒரு கணக்குப் போடுவோம். தெருமுனையில் காத்திருப்பது, பஸ் ஊர் ஊராகச் சுற்றி ஆளேற்றுவது, நெடுஞ்சாலை நெரிசலில் நிற்பது எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு ஒன்றரை மணி என்று வையுங்கள். போக வர மூன்று மணி. ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால் 900 மணி. எட்டு மணி ஷிப்டாக வகுத்துப் பாருங்கள்: 112 ஷிப்டு! கூலியில்லாத ஷிப்டு, மிகைநேரப் படி இல்லாத ஷிப்டு, எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறாத ஷிப்டு. ஆண்டிலே நான்கு மாதத்து வேலைநேரத்தைத் தொழிலாளி சாலைக்குத் தானம் செய்கிறான்.

1923ஆம் ஆண்டு மே முதல் நாள், சென்னையிலே சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினாரே, எதற்காக? எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கு என்று உலகத் தொழிலாளர் எழுப்பிய முழக்கத்துக்காக. 2023 ஏப்ரலில் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட இடந்தரும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் குரல் கொடுத்தன; தோழமைக் கட்சிகள் குரல் கொடுத்தன; அந்த ஆண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. சட்டத்திலே எட்டு மணியைக் காப்பாற்றிக்கொண்டோம். சாலையிலே காப்பாற்றினோமா? நமக்கென்று இருந்த மூன்றாவது எட்டு மணியிலே கன்னம் வைத்துவிட்டது கம்பெனி பஸ்!

படிப்பகத்திலே மாலை வேளையில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன என்று கிளைத் தோழர்கள் வருந்துகிறார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்குபவன் பத்திரிகை தேடுவானா, பாய் தேடுவானா? சங்கக் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்று வருந்துகிறார்கள். கூட்டம் நடக்கும் நேரத்தில் சங்கத்தின் பாதிப் பேர் சுங்குவார்சத்திரத்து நெரிசலில் அல்லவா நிற்கிறார்கள்! வீடு தூரமானால் குழந்தை தூரம், புத்தகம் தூரம், சங்கம் தூரம், உரிமையும் தூரம்.

ஊருக்குள் யார், ஊருக்கு வெளியே யார்?

வேலைக்கு அருகிலே வீடு என்பது புதிய தத்துவமல்ல. பழைய காஞ்சியை அமைத்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். கோயிலில் மணியடித்தவருக்குக் கோயில் வாசலிலே சன்னதித் தெரு. தறி நெய்தவருக்குத் தறித் தெரு: உள்ளே தறி போட நீண்ட கூடம், வெளியே பாவு விரிக்க நேரான வீதி. கணவன் நெய்ய, மனைவி தார் சுற்ற, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். நெருக்கமும் உண்டு, நெருக்கத்தில் ஒரு வசதியும் உண்டு.

ஆனால் அந்த வரைபடத்தைப் போட்ட கோல் சாதிக்கோல். வயலில் உழைத்தவனுக்கும், தெருவைப் பெருக்கியவனுக்கும், செத்த மாட்டைத் தூக்கியவனுக்கும் எங்கே இடம் கொடுத்தார்கள்? ஊருக்கு வெளியே! உழைப்பு ஊருக்குள்ளே வேண்டும், உழைத்தவன் மட்டும் அந்தி சாய்ந்ததும் எல்லை தாண்டிவிட வேண்டும். அக்கிரகாரம் கோபுரத்தின் நிழலில். சேரி கண்ணுக்கெட்டாத் தூரத்தில். எவனுக்குத் தூரம் விதிக்கப்பட்டதோ, அவனே தாழ்ந்தவன் என்பதுதான் அன்றைய நகர அமைப்பு.

இன்று சாதியின் பெயரால் அப்படி ஒரு வரைபடம் போட எந்த அதிகாரியும் துணியமாட்டார். ஆனால் நிலவிலையின் பெயரால் போட்டால்? கோடு அதே இடத்தில்தானே விழுகிறது!

கீழ்க்கதிர்ப்பூருக்குப் போய்ப் பாருங்கள். வேகவதி ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களைக் குடியமர்த்துவதற்கென்று குடிசை மாற்று வாரியம் அங்கே 2,112 குடியிருப்புகளைக் கட்டியது. ஆற்றங்கரையை ஆற்றுக்குத் திருப்பித் தரவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. 2015ஆம் ஆண்டு வெள்ளம் சொன்ன பாடம் அது. ஆற்றை மறித்துக் குடியிருப்பது உயிருக்கு உலை. ஆனால் அந்த மக்கள் ஏன் தயங்கினார்கள்? புது வீடு வேண்டாம் என்றா சொன்னார்கள்? "அங்கே வீடு இருக்கிறது, வேலை இங்கேயல்லவா இருக்கிறது!" என்றார்கள். தறிக்கூலிக்குப் போகிறவருக்குத் தறி ஊருக்குள்ளே. பாத்திரம் தேய்க்கப் போகிறவளுக்கு வீடுகள் ஊருக்குள்ளே. மூட்டை தூக்குகிறவருக்குச் சந்தை ஊருக்குள்ளே. கட்டிய வீடுகளில் ஆள் குடியேறுமுன் கொரோனா நோயாளிகளுக்குக் கட்டில் போட நேர்ந்தது. 

அங்கேயே கைத்தறிப் பட்டுப் பூங்காவும் அமைந்திருக்கிறது, நல்லது. வீட்டோடு வேலையையும் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், இரண்டையும் ஒரே நாளில் அல்லவா திறக்க வேண்டும்? வீட்டை முன்னே அனுப்பிவிட்டு வேலையைப் பின்னே வரச்சொன்னால், இடையிலே இருப்பவன் எதைத் தின்பான்?

இந்தத் தவறு காஞ்சியோடு நிற்கவில்லை. 1970இல் கலைஞர் குடிசை மாற்று வாரியத்தை அமைத்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு எழுந்தது. மீனவன் கடற்கரையிலேயே இருந்தான். கை வண்டிக்காரன் நகரத்துக்குள்ளேயே இருந்தான். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரமாயிரம் வீடுகள் நகருக்கு வெளியே, இருபது கிலோமீட்டர் தள்ளி எழுந்தன. ஆட்சிகள் மாறின, திசை மாறவில்லை. சுவர் கிடைத்தது, கூரை கிடைத்தது. வேலை தொலைந்தது, பள்ளி தொலைந்தது. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. வாழ்விடம்! அருமையான சொல். வீடு என்பது சுவர். வாழ்விடம் என்பது வேலையும், பள்ளியும், கடையும், வைத்தியமும் சேர்ந்தது. பெயரிலே வந்துவிட்ட அந்தப் பொருள் செங்கல்லிலும் வரவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

வல்லம் வடகால் காட்டிய வழி

கீழ்க்கதிர்ப்பூரில் வேலையில்லாத வீடு. திருப்பெரும்புதூரில் வீடில்லாத வேலை. அதன் விளைவை நாடு கண்டது 2021 டிசம்பரில். ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் படுத்தார்கள். சேதி பரவிய இரவில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையிலே உட்கார்ந்தார்கள். ஊர் பேர் தெரியாத கிராமங்களிலிருந்து வந்த இருபது வயதுப் பெண்கள். அப்பன் முகம் பார்த்துப் பேசத் தயங்கி வளர்ந்தவர்கள். அவர்கள் நெடுஞ்சாலையை நிறுத்திக் கேட்டது கூலி உயர்வு அல்ல. மனிதர் தங்கும் இடம், மனிதர் உண்ணும் சோறு! சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தங்கள் விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அந்தப் பெண்களின் குரல் வீண்போகவில்லை. வல்லம் வடகாலில் 20 ஏக்கரில், ரூ.706.50 கோடி செலவில், 18,720 பெண்கள் தங்கும் மாபெரும் குடியிருப்பைச் சிப்காட் கட்டியது. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். பத்து மாடிகளில் பதின்மூன்று தொகுதிகள், ஆலை பக்கத்திலே. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆலைக்கு நிலம், ஆலைக்கு மின்சாரம், ஆலைக்குச் சாலை என்றே எண்ணிவந்த நிர்வாகம், ஆலைக்குள் உழைப்பவளுக்குக் கட்டில் என்று எண்ணத் தொடங்கிய நாள் அது.

மாடி ஏன், தனித்தனி வீடு கட்டக்கூடாதா என்று கேட்பவர் உண்டு. அதே 20 ஏக்கரை மனையாகப் பிரியுங்கள். 2,000 சென்ட். சாலைக்கும் பொது இடத்துக்கும் பாதி போனால் மிச்சம் 1,000 சென்ட். இரண்டு சென்டுக்கு ஒரு வீடு என்றால் 500 வீடு. வீட்டுக்கு ஐவர் என்றால் 2,500 பேர். மற்றவர்கள்? மறுபடியும் பஸ்! ஆலையருகே நிலம் பொன்விலை விற்கும்போது, உயர எழும்பினால்தான் ஏழைக்கு அங்கே இடம்.

ஆனால் பாராட்டிய வாயாலேயே கேட்கவும் வேண்டும். 18,720 படுக்கைகள், அறைக்கு ஆறு பேர். படுக்கை என்பது வீடா? இருபது வயதுப் பெண் அங்கே தங்கலாம். அவளுக்கு மணமானால்? குழந்தை பிறந்தால்? வயதான தாய் கூட வந்தால்? கட்டிலில் இடமில்லை. மணமான பெண்களை இந்த ஆலையில் வேலைக்குச் சேர்க்கத் தயங்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்று உறுதி: ஆலையருகே கட்டில் மட்டும் இருந்து குடும்ப வீடு இல்லாவிட்டால், எவரும் தடுக்காமலேயே மணமான பெண் தானாக வெளியேறிவிடுவாள். கல்யாணப் பத்திரிகையே ராஜினாமாக் கடிதமாகிவிடும்!

சாவி யார் கையில்?

இன்னொரு கேள்வி, எல்லாவற்றிலும் பெரியது. வேலைக்கு அருகே வீடு என்றவுடன், "முதலாளியே கட்டித் தரட்டுமே" என்பார்கள் சிலர். மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மலையில் பம்பாய் பர்மா கம்பெனி தேயிலை பயிரிட்டது. தொழிலாளிக்கு லயன் வீடு கொடுத்தது. வீடு வேலைக்கு அருகிலே என்றால் இதைவிட அருகு உண்டா? வாசலைத் திறந்தால் தேயிலைச் செடி! குத்தகை முடிவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 2024 ஜூனில், வேலை நின்றது. வேலை நின்றவுடன் வீட்டைக் காலி செய் என்றார்கள். பாட்டன் பிறந்த வீடு, அப்பன் பிறந்த வீடு, பேரன் பிறந்த வீடு. ஒருநாளும் அவர்கள் வீடு அல்ல! சாவி கம்பெனியின் கையில் இருந்தால், வேலைநிறுத்தம் செய்கிறவன் இரவு எங்கே படுப்பான்? மேஸ்திரியை எதிர்த்துப் பேசுகிறவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

ஆகவே வீடு ஆலைக்கு அருகே இருக்க வேண்டும். ஆலைக்காரன் பிடியில் இருக்கக்கூடாது. முடியுமா? முடிந்திருக்கிறது!

முதல் உலகப் போருக்குப் பின் வியன்னா நகரத்தின் ஆட்சி சமதர்மக் கட்சியின் கைக்கு வந்தது. குடியிருக்க இடமின்றித் தொழிலாளர் தவித்தனர். 1923இல் அந்த நகராட்சி வீடு கட்டுவதற்கென்றே ஒரு வரி போட்டது. சிறு குடித்தனக்காரன் சிறிதளவு கட்டினான்; மாளிகைவாசி மலையளவு கட்டினான். 1934க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவற்றிலே 1930இல் திறந்த ஒரு கட்டடம், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள். எதிரிலேயே இரயில் நிலையம். உள்ளே குழந்தைகள் பள்ளி, துணி வெளுக்கும் கூடம், நூலகம், மருத்துவ உதவி. அதன் பெயர் கார்ல் மார்க்ஸ் மனை! 1934 பிப்ரவரியில் சர்வாதிகாரிகள் அந்த வீடுகளின் மீது பீரங்கி வைத்துச் சுட்டார்கள். வீட்டைக் கண்டு ஏன் பயந்தார்கள்? பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் தொழிலாளி, பக்கத்துப் பக்கத்தில் நின்று போராடவும் செய்வான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நமது உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். 1960இல் வீடமைப்பு வாரியம் கண்டார்கள். சதுப்பு நிலமாக இருந்த ஜூரோங்கில் ஆலைகள் எழுந்தபோது கூடவே அடுக்குமாடிகளும் எழுந்தன. முதலில் ஜனங்கள் அங்கே குடிபோகத் தயங்கினார்கள். சந்தையும் பள்ளியும் பூங்காவும் வந்த பிறகே வந்தார்கள். இன்று அந்நாட்டில் ஐவரில் ஏறத்தாழ நால்வர் வாரிய வீட்டிலே வாழ்கிறார்கள். ஆனால் அதே சிங்கப்பூரில், கட்டட வேலைக்குச் சென்ற நம் தமிழ்த் தம்பிகளுக்குக் கிடைத்தது வீடல்ல, விடுதிக் கட்டில். 2020இல் கொரோனா அந்த விடுதிகளில்தான் காட்டுத்தீயாய்ப் பரவியது. குடிமகனுக்கு வீடு, கூலிக்கு வந்தவனுக்குக் கட்டில்! ஒரகடத்திலே ஒரே அறையில் அடைந்து கிடக்கும் ஒடியத் தோழனையும் பீகார்த் தோழனையும் காணும்போது, சிங்கப்பூரில் கிடந்த நம் தம்பியை நினைக்க வேண்டாமா? 

பணம் ஏது என்பார்கள்

"சர்க்காருக்குப் பணம் ஏது?" என்று கேட்பார்கள். காஞ்சிக்காரரைப் பார்த்தா கேட்பது! 2019 ஜூலை முதல் நாள் தொடங்கி 48 நாட்கள், குளத்திலிருந்து எடுத்த அத்திவரதரைக் காண வந்த மக்களை ஒரு கோடி என்று கணக்கிட்டார்கள். இந்தச் சின்ன ஊருக்குச் சிறப்பு பஸ் வந்தது, பந்தல் வந்தது, தண்ணீர் வந்தது, மருத்துவர் வந்தார், போலீஸ் வந்தது. பக்தியை நாம் இங்கே வாதுக்கு இழுக்கவில்லை. நிர்வாகத்தைத்தான் கேட்கிறோம்: 48 நாளில் கோடிப் பேருக்கு வசதி செய்யத் தெரிந்த கைகளுக்கு, ஆண்டு முழுவதும் உழைக்கும் ஆயிரக்கணக்கானவருக்கு வீடு செய்யத் தெரியாதா? 

நிலம் சிப்காட்டிடம் இருக்கிறது. உழவனிடம் வாங்கிய நிலம் அது. தொழில் வளரவேண்டும் என்று தன் வயலைக் கொடுத்தவனின் மகளுக்கு, அந்த நிலத்திலே ஒரு மூலை கிடையாதா?

ஆகவே கேட்கிறோம். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போதே தொழிலாளர் வீட்டுக்கென்று ஒரு பங்கைச் சட்டப்படி ஒதுக்குக. ஆலை திறக்கும் நாளில் வீடும் திறக்கட்டும். வாடகையை வாரியமோ கூட்டுறவுச் சங்கமோ வாங்கட்டும். வேலை போனாலும் வீடு போகாதிருக்கட்டும். கட்டிலோடு குடும்ப வீடும் கட்டுக. குழந்தைகள் காப்பகம், ரேஷன் கடை, பள்ளி, படிப்பகம் கீழ்த்தளத்திலேயே வரட்டும். மாடி எழுப்பினால் லிஃப்டைப் பழுதுபார்க்கும் பணத்தையும் சேர்த்தே எழுதுக. எட்டாவது மாடிக் கிழவியைப் படியேற விடாதீர். 

நெசவாளிக்கு வீடு கட்டும்போது தறியை மறவாதீர்: மூன்றாவது மாடியில் குழித்தறிக்குக் குழி எங்கே வெட்டுவது? கீழே தறிக்கூடம், மேலே குடித்தனம், எதிரே பாவு விரிக்க வீதி என்று ஊருக்குள்ளேயே கட்டுக. வேகவதிக் கரை மக்களைக் கீழ்க்கதிர்ப்பூருக்கு அழைத்தால், விடியற்காலையும் பின்னிரவும் தவறாத டவுன் பஸ்ஸோடு அழையுங்கள்.

1953ஆம் ஆண்டு, கைத்தறி நெசவாளி பட்டினி கிடந்தபோது, இந்தக் காஞ்சியிலே பிறந்த அண்ணாவும் அவருடைய தம்பிமாரும் துணி மூட்டையைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அன்று நெசவாளியின் துணி நம் தோளில் இருந்தது. இன்று நெசவாளி மகளின் வீடு நம் தோளில் இருக்கிறது. தோழர்களே! கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கிராம சபையிலே தீர்மானமாக எழுதுங்கள். ஓட்டுக் கேட்டு வருபவர் யாராயினும், நம்மவரே ஆயினும், இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

நாளை விடியற்காலை நாலரை மணிக்கும் அந்தப் பெண் தெருமுனையில் நிற்பாள். அவளுக்கு இன்னும் ஒரு மணி நேரத் தூக்கம் தரமுடியுமா என்பதுதான் கேள்வி. தரமுடியும். வீட்டை வேலைக்கு அருகே வைத்து, சாவியை அவள் கையிலே வைத்தால் தரமுடியும்!